அளவு ஜாக்கெட்

வா கண்ணு, இங்க உக்காரு. ஜன்னலோரம் நகந்துக்க. அந்தப் பையை எடுத்துடறேன், சீட்டுப் புடிக்கத்தான் வெச்சேன். எத்தனையோ பேரு கேட்டாங்க, ஆளு வருதுன்னு சொல்லிப்போட்டேன். நீ கீழ நின்னுட்டு ஏறலாமா வேண்டாமான்னு பாத்துட்டு இருந்தியல்ல, அப்பவே பாத்தேன். தனியா வர்ற புள்ளைக்குப் பொம்பளை பக்கத்துல எடம் கெடைச்சா நல்லதுதான?

உக்கடமா? நானும் உக்கடந்தான். அங்க எறங்கி இன்னொரு பஸ்ஸைப் புடிச்சு ஆர்.எஸ்.புரம் போகோணும். அங்க ஒரு கடை இருக்குது, உனக்குத் தெரியுமோ என்னமோ. பேரு இங்கிலீஷ்ல சின்னதா எழுதியிருக்கும். வெளிய பூராக் கண்ணாடி, உள்ள ஒரே ஒரு பொம்மைக்கு ஒரே ஒரு சீலை. மொதல் தடவை பாத்தப்ப கடை காலி பண்ணிட்டாங்கன்னுதான் நெனச்சேன். கதவை நாம தள்ளப்படாது. பெல் அடிக்கோணும். அடிச்சா ஒரு புள்ளை வந்து கண்ணாடி வழியா நம்மள மேலயும் கீழயும் பாத்துட்டு அப்புறந்தான் தெறக்கும். துணிக்கடையா பேங்க் லாக்கரான்னு தெரியல.

எதுக்குப் போறேங்கறயா? ஒரு பழைய ஜாக்கெட்டை வாங்கறதுக்கு. எங்க ஜாக்கெட்டை எங்ககிட்டத் தர மாட்டேங்கறாங்க கண்ணு. மெரூன் கலரு, டூ பை டூ துணி, தாராபுரத்துல தெருமுனை டெய்லர் தெச்சது. நூறு ரூபா பெறாது. ரெண்டு தடவை கேட்டாச்சு, இது மூணாவது. கல்யாண வேலையெல்லாம் தலைக்கு மேல கெடக்குது, அதை விட்டுட்டு இந்தப் பஸ்ல நான் அலையறேன். அந்த ஜாக்கெட்டை வெச்சுட்டு அவிங்க என்ன பண்ணப் போறாங்க, நீயே சொல்லு.

கல்யாணம் எனக்கில்ல, என்ற புள்ளைக்கு. பிரவீணா. பெங்களூர்ல கம்பெனி வேலை. வர்ற வியாழக்கிழமை முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு திருச்செங்கோட்டுப் பக்கம், போர் போடற வண்டி அஞ்சு வெச்சிருக்கறாங்க. எங்க பக்கம் முகூர்த்தச் சீலை மாப்பிள்ளை வீட்டோடது. எடுக்கறதும் அவிங்க, ஜாக்கெட் தெச்சுக் குடுக்கறதும் அவிங்க. புள்ளை வீட்டுக்காரங்க நல்லாருக்குதுங்கன்னு சொல்லலாம், வேற ஒண்ணும் சொல்லப்படாது.

சம்பந்தியம்மா அந்தக் கடைலதான் தெக்கோணும்னுட்டாங்க. ஒரு ஜாக்கெட்டுக்கு இருவத்தெட்டாயிரம். துணி தனி. எங்கூட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கிக் கட்டலாம்னு. அவரு, அவங்க காசு போனா உனக்கென்ன வலிக்குதுன்னாரு. அதுஞ்சரிதான்.

பிரவீணா பேன்ட்டு சட்டை போடற புள்ளை. லீவு இல்லைன்னு அளவு குடுக்க வர முடியல. கடைல என்ன சொன்னாங்கன்னா, அளவு ஜாக்கெட் ஒண்ணு குடுங்க போதும், கம்ப்யூட்டர்ல ஏத்தி வெட்டிருவோம், நூலளவு அங்க இங்க நகராதுன்னாங்க. இவ போன்ல, 'பீரோல மேல்தட்டுல மெரூன் ஜாக்கெட் இருக்குதும்மா, அதைக் குடு'ன்னா. நான் மெரூன்தான் எடுத்தேன். மேல்தட்டுலதான் எடுத்தேன். கொண்டுபோய்க் குடுத்தேன். யாமினின்னு ஒரு புள்ளை வாங்கி, சீட்டுக் கட்டி உள்ள வெச்சுது. இதுல என்ற தப்பு என்ன இருக்குது?

போட்டுப் பாக்க வரச் சொன்னது பதினொரு மணிக்கு. அன்னிக்கு லீவு கெடைச்சுப் பிரவீணாவும் வந்துட்டா, நாங்க பதினொண்ணுக்கு உள்ள. சம்பந்தியம்மா திருச்செங்கோட்டுல இருந்து கார்ல வந்துட்டாங்க. பன்னெண்டு மணி வரைக்கும் சோபாலயே உக்கார வெச்சாங்க கண்ணு. அந்த சோபால உக்காந்தா உள்ள இழுத்துக்குது, எந்திரிக்க ஒருத்தர் கை குடுக்கோணும். சம்பந்தியம்மாளுக்குக் காப்பி வந்துது, வைரத்தோடு போட்டிருந்தாங்கல்ல. எனக்குத் தண்ணி. தண்ணில வெள்ளரிக்காய்த் துண்டு மெதக்குது. கிளாஸைச் சரியாக் கழுவலைன்னு நெனச்சு நான் திருப்பிக் குடுத்துட்டேன். அதுக்குக் கடைப் புள்ளைங்க ரெண்டு இங்கிலீஷ்ல என்னமோ பேசிட்டுச் சிரிக்குதுங்க.

அப்புறம் மேனேஜர் மேடம் வந்தா. சம்பந்தியம்மா கையைப் புடிச்சுட்டுப் பேசினா. என்னையப் பாத்து, 'நீங்க பொண்ணுக்குத் தொணைக்கு வந்தவங்களா?'ன்னா. நான் பெத்தவன்னேன். 'ஓ, சாரி ஆன்ட்டி.' அவ்வளவுதான். அன்னிக்குப் பூரா சம்பந்தியம்மா மேம், நான் ஆன்ட்டி.

போட்டுப் பாக்கற ரூம்னா நம்ம ஊர்ல திரை தொங்கும், காலு தெரியும். அங்க அப்பிடி இல்ல. மரக்கதவு, உள்ள மூணு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி, நாலாவது பக்கம் கதவு. ஜன்னல் கெடையாது. நானும் பிரவீணாவும் உள்ள போனோம். ஜாக்கெட் கண்ணுக்கு நெறைவாத்தான் இருந்துது, பொய் சொல்லப்படாது. ரெண்டு கைலயும் மயிலு, மணி, ஜரி. வலது கை இறுக்கமாப் போச்சு. எடது கை முழங்கைக்கு மேல ஏற மாட்டேங்குது. நான் இழுக்கறேன், அவ வலிக்குதுங்கறா. மேலயும் போகல, கீழயும் வரல. மாட்டிக்கிச்சு.

கதவைத் தட்டினேன். அந்த யாமினி எட்டிப் பாத்து, 'வெட்டக் கூடாது ஆன்ட்டி, வொர்க் பண்ணின பீஸு, மேடத்தைக் கேட்டுட்டு வர்றேன்'னு போச்சு. போனது போனதுதான். பத்து நிமிசம் இருக்கும். அந்தப் பொட்டிக்குள்ள நாங்க ரெண்டு பேரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் என்ற மூஞ்சி, அவ மூஞ்சி, பாதிக் கைல நிக்கற மயிலு. பிரவீணா கையைத் தூக்கிக் கண்ணாடில பாத்தா. வலது கையைப் பாத்தா, எடது கையைப் பாத்தா. அப்புறம் மெதுவாச் சொன்னா, 'அம்மா, இது அக்கா கை.'

ஆமா கண்ணு, எனக்கு ரெண்டு புள்ளைங்க. சொல்லலையா? சொல்றதில்ல. ஆறு வருசமா யார்கிட்டயும் சொல்றதில்ல, அதனால வாய்ல வர்றதில்ல.

பெரியவ நர்சிங் படிச்சா. ஆஸ்பத்திரில கூட வேலை செஞ்ச ஒரு பையனைக் கட்டிக்கிட்டா. நம்ம ஆளுக இல்ல. எங்கூட்டுக்காரர் அன்னிக்கே தலைமுழுகிட்டாரு. போட்டோ, துணிமணி, புஸ்தகம், அவ பாட்டுப் போட்டில வாங்கின கப்பு, எல்லாத்தையும் தோட்டத்துல குவிச்சு எரிச்சாரு. கப்பு எரியல, அதைக் கெணத்துல போட்டாரு. அப்புறம் தாராபுரத்துல இருந்தா பேசுவாங்கன்னு உடுமலைக்கு வந்துட்டோம். புரோக்கர்கிட்ட ஒரே புள்ளைன்னு சொன்னோம். திருச்செங்கோட்டுக்காரங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் நாங்க ஒரே புள்ளையைப் பெத்தவங்க.

அந்த ஜாக்கெட் மட்டும் எப்பிடித் தப்பிச்சுதுன்னா, அது தொவைக்கற துணில கெடந்துது. நான் எடுத்து பீரோல மேல்தட்டுல பேப்பருக்கு அடில வெச்சேன். வெச்சதை மறந்தும் போயிட்டேன். எப்பவாச்சும் பீரோ தெறக்கறப்ப கை படும், மத்தபடி நெனப்பே இல்ல. என்ற தம்பி மகன் கல்யாணத்துக்கு ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரே துணி எடுத்து ஒரே டெய்லர்கிட்டத் தெச்சது. பிரவீணாவோடது பேப்பருக்கு மேல கெடந்துது. மேல இருந்ததை விட்டுட்டு அடில இருந்ததை எப்பிடிம்மா எடுத்தேன்னு அந்த ரூமுக்குள்ளயே இவ கேட்டா. என்னத்தைச் சொல்றது. கை அங்க போச்சு.

பெரியவளுக்கு எடது கை சித்த சிறுத்திருக்கும். ஒம்பது வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்து ஒடைஞ்சது. கட்டுப் போட்டு, சரியாக் கூடலைன்னு பிரிச்சு, மறுபடி கட்டி, ஆறு மாசம் ஆச்சு. கூடுச்சு, ஆனாத் தேறல. தாராபுரத்து டெய்லர் அவளுக்குன்னு எடது கைச் சுத்தளவை முக்கால் இஞ்சு கொறைச்சுத் தெப்பாரு, போட்டா யாருக்கும் தெரியாது. அதை அந்தக் கம்ப்யூட்டர் அப்பிடியே எடுத்து மயிலு வெச்சுத் தெச்சிருக்குது. கண்ணுள்ள மனுசி ஒருத்தி கைல எடுத்துப் பாத்திருந்தா, ஏங்க ஒரு கை சின்னதா இருக்குதேன்னு ஒரு போன் பண்ணியிருப்பாளா மாட்டாளா? இருவத்தெட்டாயிரம் வாங்கறீங்க, ஒரு போன் பண்ண முடியாதா? அதைத்தான் நான் சொல்றேன், அந்தக் கடைல கவனிப்பே கெடையாது.

ஒரு போன் பண்ணியிருந்தா அன்னிக்கு அந்த நெலைமை வந்திருக்குமா. நாங்க உள்ள மாட்டிட்டு இருக்கறோம், வெளிய அந்த மேடம் சம்பந்தியம்மா முன்னால மெரூன் ஜாக்கெட்டைக் கண்ணாடி மேஜை மேல விரிச்சுப் போட்டு டேப்பு வெச்சு அளந்து காட்டறா. கதவு வழியா ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. 'எங்க மிஸ்டேக் இல்ல மேம். நீங்க குடுத்த அளவுலயே லெப்ட் கை சின்னது, பாருங்க. பொண்ணுக்கு அந்தக் கைல ஏதாவது பிராப்ளமா?'

சம்பந்தியம்மா எந்திரிச்சுக் கதவுகிட்ட வந்தாங்க. அப்புறம் கூப்பிட்டாங்க. 'ஏனுங்க சம்பந்தி, சித்த வெளிய வாங்க. புள்ளைக்குக் கைல ஏதாச்சும் கொறைங்களா? இல்ல இது வேற யாரோடதுங்களா?'

கதவுக்கு அந்தால அவிங்க. இந்தால கை மாட்டின புள்ளை. கொறைன்னு சொன்னாக் கல்யாணம் நிக்கும். வேற புள்ளையோடதுன்னு சொன்னா எந்தப் புள்ளைன்னு கேப்பாங்க, அப்பவும் நிக்கும். எங்கூட்டுக்காரர் மறுபடி ஊரை மாத்துவாரு, இந்தத் தடவை எங்க போறது. ஓடலாம்னா ஒரு ஜன்னல் கூட இல்ல. பிரவீணா என்ற காதுகிட்ட வந்து, 'சொல்லிரும்மா'ன்னா. 'சொன்னா என்ன ஆயிரும்? நிக்கறதுன்னா நிக்கட்டும், இப்பவே சொல்லிரு'ன்னா. சின்னப் புள்ளை, அவளுக்கு என்ன தெரியும்.

வெளிய வந்தேன். மேஜை மேல கெடந்துது. ரெண்டு கையையும் ரெண்டு பக்கம் விரிச்சு, அதுக்கு மேல டேப்பு. கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் பச்சை நூல்ல ஒரு புள்ளி இருக்கும். தங்கச்சியோடதும் தன்னோடதும் மாறிடக் கூடாதுன்னு அவளே போட்டது. அந்தப் புள்ளி என்ற கண்ணுக்கு நேரா இருந்துது. 'இது எங்களோடது இல்லீங்க'ன்னேன். 'நாங்க குடுத்தது இது இல்ல. கடைல மாத்திட்டாங்க.'

மேடம் யாமினியைக் கூப்பிட்டா. அந்தப் புள்ளை, 'இல்ல மேம், ஆன்ட்டி குடுத்தது இதுதான், நான்தான வாங்கினேன், நான்தான சீட்டுக் கட்டினேன்'னு அழுகுது. நான் விடல. என்ற வாயைப் பத்தி உனக்குத் தெரியாது. நான் பெத்த புள்ளையோட ஜாக்கெட் எனக்குத் தெரியாதான்னு கத்தினேன். அவ்வளவு பெரிய கடைல என்ற சத்தம் மட்டுந்தான். கடைசில சம்பந்தியம்மாவே, 'விடுங்க சம்பந்தி, ஆளு கவனமில்லாம மாத்தியிருக்கும்'னு என்ற பக்கம் பேசினாங்க. மேடம் ஒரு பாரத்தை நீட்டி எழுதிக் குடுக்கச் சொன்னா. எழுதினேன். இந்த அளவு ஜாக்கெட் எங்களுடையது அல்ல. கீழ கையெழுத்து, தேதி.

அப்புறம் உள்ள இருந்து டெய்லரம்மா ஒருத்தி வந்து கைத்தையலைப் பிரிச்சு பிரவீணாவை வெளிய எடுத்தா. நேராவே அளவெடுத்தாங்க. இப்ப புது ஜாக்கெட் வந்துருச்சு, கச்சிதமா இருக்குது. கல்யாணம் நின்னுதா? நிக்கல. அதைச் சொல்லு.

திரும்பி வர்றப்ப, வாடகைக் கார் பொள்ளாச்சி வந்தப்ப பிரவீணா, 'எழுதியா குடுத்தே?'ன்னு கேட்டா. ஆமான்னேன். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் கேட்ட கேள்விக்கு மட்டுந்தான் பதில் சொல்றா. கல்யாணப் புள்ளைன்னா அப்பிடித்தான், கொஞ்சம் வெசனமா இருக்கும்.

இது கிணத்துக்கடவு. நீ உக்காரு.

ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்தேன். மூணாம் நாள் பத்திரிகை எடுக்க பீரோவைத் தெறந்தேன். கை தன்னால பேப்பருக்கு அடில போச்சு. ஒண்ணும் இல்ல. இரும்புத் தட்டு சில்லுன்னு இருந்துது. அப்பிடியே நின்னுட்டேன் கண்ணு. பந்தல்காரன் வாசல்ல நின்னு கூப்பிடறான், எனக்குக் காதே கேக்கல.

அடுத்த நாள் யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறினேன். பெல் அடிச்சேன். அந்த மெரூன் ஜாக்கெட்டைக் குடுங்கன்னேன். மேடம் என்ன சொன்னாத் தெரியுமா? 'அது உங்களோடது இல்லைன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? இன்னொரு கஸ்டமர் பொருளை உங்களுக்கு எப்படி ஆன்ட்டி குடுக்க முடியும்?' பாரத்தை எடுத்துக் காட்டறா. என்ற கையெழுத்தை எனக்கே காட்டறா. இல்ல மேடம், தப்பாச் சொல்லிட்டேன், எங்களோடதுதான்னு இழுத்தேன். 'அப்படியா? பில்லு உங்க சம்பந்தி மேம் பேர்ல இருக்கு. அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டுக் குடுத்துடறேன்'னு போனை எடுத்தா. வேண்டாம் வேண்டாம்னு அவ கையைப் புடிச்சுட்டேன். அவ கையை உதறிட்டு, சானிடைசர் போட்டுத் தொடைச்சுக்கிட்டா. கஸ்டமர்கிட்ட நடந்துக்கற மொறையா இது?

அந்த யாமினியாச்சும் இருந்தா கெஞ்சிப் பாத்திருப்பேன். அதை அன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாம், வாட்ச்மேன் சொன்னாரு. ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு புள்ளையோட வேலையத் தூக்குவாங்களா? ஈவு எரக்கமே இல்லாத கடை. நானா தூக்கச் சொன்னேன்.

திங்கக்கிழமை மறுபடி போனேன். கதவே தெறக்கல. கண்ணாடிக்கு உள்ள இருந்தே மேடம் பேசறா. சனிக்கிழமை வரைக்கும் வெச்சிருப்போம், சொந்தக்கார கஸ்டமர் வந்தாக் குடுப்போம், இல்லைன்னா வேஸ்டுல போட்டுருவோம், கண்ணாடி தொடைக்க ஆகும்னா. இன்னிக்கு சனிக்கிழமை.

பெரியவளையே கூப்பிடலாமேங்கறயா. நம்பர் இருக்குது. பிரவீணா எப்பவோ துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா, பர்ஸுல மடிச்சு வெச்சிருக்கறேன். சீட்டைப் பாக்காமயே பத்து நம்பரும் சொல்லுவேன். ஆனா கூப்பிட்டு என்னன்னு சொல்றது? உன்ற ஜாக்கெட்டை எங்களோடது இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன், நீ வந்து வாங்கிக் குடுன்னா? எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்வேன். அவிங்கப்பா தலைமுழுகினாரு, நான் முழுகல. அவரு எரிச்சப்ப கூட நான் ஒண்ணும் சொல்லல, சும்மாத்தான் நின்னேன். இப்பத்தான் முதமுதல்ல என்ற வாயால சொல்லி, என்ற கையால எழுதியிருக்கறேன்.

எந்திரிக்காத கண்ணு, இது சுந்தராபுரம். உக்கடம் இன்னும் இருக்குது. நான் காலை எடுத்தாத்தான நீ எறங்க முடியும், பயப்படாத, எடுத்துடறேன். ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. பொள்ளாச்சி ஸ்டேண்டுல நீ நின்னதைப் பாத்தேன். இந்தத் தோளு, இந்த ஒசரம், கழுத்தைச் சாய்ச்சுட்டு போர்டைப் படிச்சது. அதுக்குத்தான் பையைப் போட்டு சீட்டுப் புடிச்சேன்.

பத்து நிமிச வேலை. ஆட்டோல போலாம், திருப்பி நீ போகோணுங்கற எடத்துல நானே எறக்கி விடறேன். நான் கடை முன்னால வர மாட்டேன், என்னையப் பாத்தாக் கதவு தெறக்காது. எதிர்ல பேக்கரி இருக்குது, அங்க நின்னுக்கறேன். நீ பெல் அடி. என்ற ஜாக்கெட் ஒண்ணு இங்க மாறி வந்துருச்சாம்னு கேளு. மெரூன் கலரு, கழுத்துல பச்சைப் புள்ளின்னு சொல்லு. எடது கை முக்கால் இஞ்சு சின்னதுன்னு சொல்லு. உன்ற கை தெரியாம துப்பட்டாவைப் போத்திக்க. ஏன் சின்னதுன்னு கேட்டா, ஒம்பது வயசுல ஊஞ்சல்ல இருந்து விழுந்தேன்னு சொல்லு. யாரு ஆட்டினாங்கன்னு கேக்க மாட்டாங்க. கேட்டா, எங்கம்மான்னு சொல்லு. போதும் போதும்னு கத்தினேன், அவிங்கதான் இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்னு ஆட்டினாங்கன்னு சொல்லு.

அப்புறம் பாரத்துல எழுதறதுக்குப் பேரு கேப்பாங்க. கோகிலவாணி.

எங்க, ஒருக்காச் சொல்லு பாக்கலாம். சத்தமாவே சொல்லு கண்ணு, நான் கேக்கறேன்.